தரைத்தளம், தனி வாசல், உடனே குடிவரலாம்

ஒரு வீட்டின் படத்தைக் காட்டினால் எல்லோரும் வீட்டைப் பார்ப்பார்கள். நான் சுவிட்ச் போர்டைப் பார்ப்பேன். ஆள் குடியிருக்கிற வீட்டில் சுவிட்சைச் சுற்றிக் கை பட்டுப் பட்டு ஒரு கறை விழுந்திருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அது இல்லாத படம் பெரும்பாலும் எங்கிருந்தோ சுட்ட படம். இதில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. கொஞ்சம் நின்று பார்க்கிற எவருக்கும் தெரியும். ஆனால் எங்கள் ஆபீசில் நின்று பார்த்தால் சம்பளத்தில் கை வைப்பார்கள்.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள், மேடம். எழுதுகிறேன். உங்கள் ஸ்டேஷனில் இந்த மேசைக்கு ஒரு கால் ஆடுகிறது. கையெழுத்து கோணலாகப் போனால் அதற்கு நான் பொறுப்பில்லை.

நான் வேலை பார்த்தது பழைய சோபா, வண்டி, வாடகை வீடு என்று எல்லாவற்றுக்கும் மக்கள் விளம்பரம் போடுகிற ஓர் இணையதளத்தில். யாராவது விளம்பரம் போட்டால் அது நேராக வெளியே போகாது. முதலில் எங்கள் திரைக்கு வரும். சரியாக இருந்தால் அனுமதிக்க வேண்டும், இல்லையென்றால் திருப்பி அனுப்ப வேண்டும். வாடகை வீட்டுப் பகுதி என்னுடையது.

அதற்கு முன்னால் ஒரு செய்தித்தாளில் வரி விளம்பரக் கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்தேன். கசங்கிய தாளில் ‘வீடு வாடகைக்கு, நல்ல வீடு’ என்று கிறுக்கிக்கொண்டு வருவார்கள். தண்ணீர் எப்படி, மாடியா கீழா, வண்டி நிறுத்த இடம் உண்டா என்று நான் கேட்பேன். கேட்டுக் கேட்டு அந்த விளம்பரத்தை ஓர் ஆளாக்கி அனுப்புவேன். “நீங்க எழுதிக் குடுத்தப்புறம்தான் சார் போனே வருது” என்று திரும்பி வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். பிறகு செய்தித்தாள் படுத்துவிட்டது. கவுண்ட்டர் பழக்கம் மட்டும் என்னோடு கிளம்பி வந்துவிட்டது. நீங்கள் ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தால் இதையே எடுத்துக்கொள்ளலாம்.

புது ஆபீசில் விளம்பரத்தைத் திருப்பி அனுப்பும்போது ‘காரணம்’ என்று ஒரு கட்டம் வரும். அதில் தயாராகச் சில வார்த்தைகள் இருக்கும். ‘விதிமீறல்’ என்பதைத் தட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். நான் மட்டும் உட்கார்ந்து எழுதினேன். ஒரு மனிதர் மெனக்கெட்டு விளம்பரம் போட்டிருக்கிறார், எங்கே தப்பு என்றுகூடச் சொல்லாமல் முகத்தில் அடித்தாற்போல் திருப்பி அனுப்புவது எனக்கு ஒப்பவில்லை. அதனால் எனக்கு ஆபீசில் வாத்தியார் என்று பெயர். எங்கள் டீம் லீடர் என்னைவிட வயதில் மிகவும் சின்னவர்.

“வாத்தியாரே, நீங்க ஒண்ணுக்குக் கட்டுரை எழுதறதுக்குள்ள பக்கத்து சீட்டுல ஒரு கூடை முடிச்சிடறாங்க. யாரு படிக்கப் போறா அதை?” என்பார்.

யாரும் படிக்கவில்லை என்பது உண்மைதான். குறையைச் சொல்லித் திருப்பி அனுப்பினால் அதே விளம்பரம் அதே குறையோடு மறுபடி வந்து நிற்கும். வீட்டிலும் அதே கதை. நான் வேண்டாம் என்று சொன்ன வாஷிங் மெஷினை என் மனைவி வாங்கினாள். அது கூடம் முழுக்கத் தண்ணீரை விட்ட அன்றுகூட, நான் சொன்னது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. நானே ஞாபகப்படுத்தினேன். “இப்ப அதுதான் முக்கியமா?” என்று கேட்டுக்கொண்டே அவள் தரையைத் துடைத்தாள். எரிச்சல் என்று சொன்னால் சின்ன வார்த்தை. சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறவனுக்கு ஒரு கட்டத்தில் சுவர் மீதே கோபம் வரும். எனக்கு வந்தது.

இனி பச்சைக் கதவு விஷயத்துக்கு வருகிறேன். அவன் பெயர் எனக்குத் தெரியாது, நீங்கள் சொல்லித்தான் தெரியும். அவன் போட்ட முதல் விளம்பரத்தில் பச்சைக் கதவு வைத்த ஒரு வீடு இருந்தது, அதனால் நான் என் மனதுக்குள் அப்படிக் கூப்பிட்டேன். பார்த்த மாத்திரத்தில் போலி என்று தெரிந்துவிட்டது. வாசலில் கதவு பச்சை, உள்ளேயிருந்து எடுத்த படத்தில் அதே கதவு பழுப்பு. சுவிட்ச் போர்டு பளபளவென்று இருந்தது. இந்தக் கணக்கை முடக்க வேண்டும் என்று மேலே எழுதி அனுப்பினேன். முடக்குகிற அதிகாரம் எங்களுக்குக் கிடையாது, அது வேறு பிரிவு. ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன், மறுபடி நன்றி சொன்னார்கள். அந்தப் பிரிவில் மனிதர்கள் இருக்கிறார்களா என்று டீம் லீடரிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

சரி என்று விளம்பரத்தைத் திருப்பி அனுப்பினேன். வழக்கம்போலக் காரணம் எழுதினேன். ‘வெளியே கதவு பச்சை, உள்ளே பழுப்பு. படங்கள் ஒரே வீட்டினுடையதாக இருக்க வேண்டும்.’

சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், விளம்பரம் திரும்பி வந்து காத்திருக்கிறது. உள்ளேயும் வெளியேயும் கதவு பச்சை.

இதை உங்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை, மேடம். அந்த ஆபீசில் நான் எழுதியதை முதன்முதலாக ஒருவன் படித்திருக்கிறான். படித்ததோடு நிற்காமல் அதன்படி செய்தும் இருக்கிறான். போலி என்பது வேறு விஷயம். அதை நான் மறந்துவிடவில்லை. ஆனாலும் மனதுக்குள் ஏதோ குளிர்ந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அடுத்த தடவை, வாடகை அந்தப் பகுதிக்கு மிகக் குறைவாக இருக்கிறது, இவ்வளவு குறைத்துச் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று எழுதினேன். ‘நம்ப மாட்டார்கள்’ என்ற வார்த்தையை எழுதும்போதே, இது திருப்பி அனுப்புகிற காரணம் இல்லை, யோசனை என்று எனக்குத் தெரிந்தது. அழித்திருக்கலாம். வாடகையைக் கூட்டி அனுப்பினான். குறையே இல்லாத வீடு எங்கேயும் கிடையாது, உண்மையான வீட்டுக்காரர் ஏதாவது ஒரு குறையைத் தானே சொல்லிவிடுவார் என்று எழுதினேன். ‘சமையலறைக் குழாய் கொஞ்சம் சொட்டும், நீங்கள் வருவதற்குள் சரிசெய்து தருகிறோம்’ என்று சேர்த்து அனுப்பினான். சரிசெய்து தருகிறோம் என்பது என்னுடையது இல்லை, அவனே போட்டுக்கொண்டது. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்து சீட்டுப் பெண் என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

இந்த இடத்தில் என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எனக்கு ஒரே அக்கா. அவள் குடியிருந்தது மூன்றாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. அத்தான் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஊரையே சுற்றிய மனிதர் அதற்குப் பிறகு கீழே இறங்கவே இல்லை. அவர் படுக்கைக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். நான் போனால், “மாப்ள, கீழ என்ன நடக்குது? ரோடு போட்டுட்டானா?” என்று கேட்பார். ரோடு போட்டாயிற்று, மறுபடி தோண்டியாயிற்று என்று சொல்வேன். அதைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்படுவார். அக்கா வீட்டிலேயே தையல் மெஷின் வைத்துத் துணி தைத்தாள். ஒரு தரைத்தள வீடு, அத்தானை வாசலில் உட்கார வைக்கிற மாதிரி ஒரு வீடு. அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

எங்கள் இணையதளத்தில் பார்த்து எனக்கு அனுப்பிக்கொண்டே இருப்பாள். நானும் பார்த்து, வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பாதி வீடு போலி, மிச்சத்தில் படி இருந்தது.

“உனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம்டா. நீ வேணாம்னு சொன்ன வீட்டுல எல்லாம் இந்நேரம் யாரோ பால் காய்ச்சிக் குடிச்சிட்டிருப்பாங்க” என்றாள் ஒரு நாள். என் மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து, “அவர் எங்க கல்யாணப் போட்டோவையே உத்துப் பார்த்து இது ஒட்டினதுன்னு சொல்லுவார் அண்ணி” என்றாள். இருவரும் சிரித்தார்கள். அத்தான்கூடச் சிரித்தார். எத்தனை திருட்டிலிருந்து அவளைத் தப்பவைத்தேன் என்று யாருக்கும் தெரியாது. நடக்காமல் போன கெடுதலுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. நானும் சிரித்து வைத்தேன், ஆனால் உள்ளே எரிந்தது.

மறுநாள் பச்சைக் கதவுக்கு இப்படி எழுதினேன். ‘எந்தத் தளம், எத்தனை படி, சக்கர நாற்காலி வாசல் வழியாக உள்ளே போகுமா என்று குறிப்பிடவில்லை. நடக்க முடியாதவர் வீட்டில் இருந்தால் முதலில் இதைத்தான் தேடுவார்கள்.’ விளம்பரம் திரும்பி வந்தது. ‘தரைத்தளம், தனி வாசல், உடனே குடிவரலாம். வாசலில் படி இல்லை. நாற்காலி போட்டு உட்கார நிழல் உண்டு.’

நிழல் அவன் சேர்த்தது.

அக்காவுக்கென்றே வலை விரித்தாயா என்று கேட்டீர்கள். இல்லை, மேடம். எனக்குத் தெரிந்து வீடு தேடிக்கொண்டிருந்த ஒரே ஆள் அவள்தான். அளவெடுக்க வேறு உடம்பு என்னிடம் இல்லை. அவ்வளவுதான் விஷயம். எனக்கு இதில் எவ்வளவு பங்கு என்றும் கேட்டீர்கள். உள்ளே நம்ம ஆள் ஒருத்தர் இருக்கிறார் என்று அவன் உங்களிடம் சொன்னானாம். அதைக் கேட்டபோது எனக்கு வருத்தமாக இருந்தது. நான் அவனிடமிருந்து காலணா வாங்கியதில்லை. வேண்டுமானால் என் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு காலையில் அந்த விளம்பரம் வந்து நின்றது. அதில் நான் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை. சுவிட்ச் போர்டைச் சுற்றிக் கறைகூட இருந்தது. நான் அதை எப்போதோ எழுதியிருந்தேன், அவன் மறக்கவில்லை. விதிப்படி பார்த்தால் குறையற்ற விளம்பரம். போலி என்று தெரியுமா என்றால், தெரியும். முதல் நாளே தெரியும். அதைத்தான் மேலே எழுதி எழுதிக் கை ஓய்ந்திருந்தேனே. அனுமதித்தேன். அன்று டீம் லீடர் என் சீட்டுக்கு வந்து, “பரவாயில்லையே வாத்தியாரே, இன்னைக்கு வேகம் எடுத்துட்டீங்க” என்று தோளில் தட்டினார்.

அக்கா அதைத் தானாகத்தான் கண்டுபிடித்தாள். நான் அனுப்பவில்லை. மதியம் கேன்டீனில் இருந்தபோது போன் வந்தது.

“தம்பி, ஒரு வீடு பார்த்திருக்கேன்டா. அத்தானுக்குன்னே கட்டின மாதிரி இருக்கு. உனக்கு அனுப்பியிருக்கேன், பார்த்துட்டுச் சொல்லு. வழக்கம்போல மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காத.”

திறந்து பார்த்தேன். அப்போது எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், கொஞ்ச நேரம் காத்துக்கூடப் பார்த்தேன். வந்தது வேறு ஒன்று. கவுண்ட்டரில் இருந்த காலத்தில் ‘போன் வருது சார்’ என்று யாராவது வந்து சொன்னால் மனதுக்குள் ஒரு நிறைவு வருமே, அதுதான் வந்தது.

“நல்லா இருக்குக்கா” என்றேன்.

அன்று மாலை என் மனைவி, “நீங்களா சொன்னீங்க? இன்னைக்கு மழை கொட்டப் போகுது” என்றாள். அத்தான் போனை வாங்கி, “மாப்ள, நீயே சரின்னு சொல்லிட்டேன்னா அது அரண்மனையாத்தான் இருக்கணும்” என்றார். என் வார்த்தைக்கு அன்று இருந்த மதிப்பு என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வீட்டுக்காரர் வெளியூரில் இருக்கிறார், கேட்பவர்கள் அதிகம், முன்பணம் கட்டினால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைப்பார் என்று அக்காவுக்குச் செய்தி வந்தது. கூடவே எங்கள் இணையதளத்தைப் போலவே ஒரு பக்கம் வந்தது. அதில் அக்காவின் கார்டு விவரங்கள் போய்ச் சேர்ந்தன. அப்போது முன்பணம் மட்டும்தான் போனது. அந்தக் கார்டுக்கான வங்கிக் கணக்கில் அத்தான் வேலையிலிருந்து நின்றபோது வந்த மொத்தத் தொகையும் இருந்தது. அவரை மறுபடி நடக்க வைக்கிற சிகிச்சைக்காக அதைத் தொடாமல் வைத்திருந்தார்கள்.

வீடு மாறுகிற நாளில் நானும் போனேன். தம்பி போகாமல் இருக்க முடியுமா? பழைய வீட்டுக்கு வேறு ஆள் வருவதாகப் பேசி முடித்துவிட்டதால் அன்றே காலி செய்தாக வேண்டும். கட்டிலைக் கழற்றினேன், தையல் மெஷினைப் போர்வையில் சுற்றினேன். அத்தானை நாற்காலியோடு தூக்கி லாரி ஆட்களும் நானும் மூன்று மாடியும் இறக்கினோம். ஒவ்வொரு திருப்பத்திலும், “மெதுவா மாப்ள, நான் எங்கயும் ஓடிப்போயிட மாட்டேன்” என்று சொல்லிச் சிரித்தார். எதையாவது சொல்வதென்றால் அந்தப் படிகளில் சொல்லியிருக்கலாம். மூச்சு வாங்கியது, சொல்லவில்லை.

கடைசியாக மேலே ஒரு தடவை போனேன். அக்காவின் கைப்பை அடுப்பு மேடையில் இருந்தது. உள்ளே போன் ஒலித்தது. நின்று, மறுபடி ஒலித்தது. பணம் எடுக்கும்போது வருகிற செய்திச் சத்தம். வீடு மாறுகிறவர்கள் போனைப் பார்க்க மாட்டார்கள் என்று அவன் அந்தக் காலை வேளையைத் தேர்ந்தெடுத்திருந்தான். அது முழுக்க அவனுடைய யோசனை, நான் எங்கும் எழுதவில்லை. பையைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு போய் லாரியின் முன் சீட்டில் வைத்தேன்.

விளம்பரத்தில் இருந்த தெரு உண்மையான தெரு, வீட்டு எண்ணும் இருந்தது. அங்கே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா லாரியைப் பார்த்ததுமே கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“இங்க யாரும் வாடகைக்கு விடலைங்களே. இது எங்க சொந்த வீடு. போன வாரமும் ஒரு குடும்பம் இப்படித்தான் சாமானோட வந்து நின்னாங்க” என்றார்.

அக்கா முகவரியைக் காட்டினாள். அவர் படித்துவிட்டுத் தலையாட்டினார். அக்கா மறுபடி காட்டினாள். பிறகு கைப்பையைத் தேடி எடுத்துப் போனைத் திறந்தாள். படித்தாள். லாரியின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அத்தானைத் தெருவோரத்தில் நாற்காலியில் இறக்கி வைத்திருந்தோம். அவருக்கு இன்னும் விவரம் தெரியாது. போகிற வருகிற வண்டிகளை வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். “காத்து நல்லா வருது மாப்ள. இந்த இடம் எனக்குப் பிடிச்சிருக்கு” என்றார்.

அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்தது, மேடம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது அவர்கள் என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறார்கள். என் வீடு இரண்டாவது மாடி. அத்தானைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது அவர் சுவரையே பார்த்துக்கொண்டு வந்தார். இப்போதெல்லாம் ரோடு போட்டுவிட்டார்களா என்று கேட்பதில்லை. அத்தானுக்குக் கை கால் பயிற்சி கொடுக்க வந்துகொண்டிருந்த ஆளை, கொடுக்கப் பணமில்லாமல் அக்கா நிறுத்திவிட்டாள். விழுந்த கை இப்போது இன்னும் இறுகிப்போயிருக்கிறது என்று என் மனைவி சொன்னாள்.

ஒன்றை விட்டுவிட்டேன். கேட்டால் மறைத்தேன் என்பீர்கள், அதனால் நானே எழுதிவிடுகிறேன். பணம் கட்டுவதற்கு முன்னால் அக்கா என்னை ஆபீசுக்குத் தேடி வந்தாள். கீழே வரவேற்பறையில் நின்றுகொண்டு பேசினோம்.

“எனக்கென்னவோ நெஞ்சு அடிச்சுக்குதுடா. இவங்க முகத்தையே நான் பார்க்கலை. வீட்டுக்காரரை நேர்ல பார்க்காம பணம் கட்டாதீங்கன்னு உங்க சைட்டுலயே அடியில போட்டிருக்கு. நீ ஒரு தரம் போய்ப் பார்த்துட்டு வாயேன். இல்லேன்னா விட்டுடலாம், வேற பார்ப்போம்” என்றாள்.

அந்த வரியை எழுதியவன் நான்தான். இன்னும் பெரிய எழுத்தில் போடுங்கள் என்று எத்தனையோ தடவை கேட்டும் அவர்கள் போடவில்லை. எறும்பு சைஸில் பக்கத்தின் அடியில் கிடந்தது. உலகத்தில் ஒரே ஒருத்தி அதைத் தேடிப் படித்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். ஆனால் அவள் சந்தேகப்பட்டது என்னுடைய விளம்பரத்தை. நானும் அவனும் அவ்வளவு பாடுபட்டுச் செய்ததில் அவள் குறை கண்டுபிடிக்கிறாள்.

“அது எல்லாருக்கும் பொதுவா போடறதுக்கா. நான் பார்த்துட்டேன். சுத்தமான வீடு. நீ கட்டு” என்றேன். அவள் தயங்கினாள். போனை அவள் கையிலிருந்து வாங்கி, அந்தப் பக்கத்தை நானே திறந்து, எண்களை அவள் சொல்லச் சொல்ல நான்தான் போட்டேன்.

இதற்குப் பெயர் என்னவோ அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

அக்கா என்னிடம் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். அன்று மதியம், கூடத்தில், கட்டிக் கிடந்த மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு. “உனக்குத் தெரியாதுல்லடா?”

“தெரியாதுக்கா” என்றேன்.

“எனக்குத் தெரியும்டா, உனக்குத் தெரிஞ்சிருக்காது. உன்னையே ஏமாத்திட்டான்னா நாங்க எல்லாம் எம்மாத்திரம்” என்று சொல்லி, என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அப்படியே நம்பிவிட்டாள். அக்காவிடம் சின்ன வயதிலிருந்தே இந்த ஒரு குறைதான், மேடம். எதையும் சரிபார்க்க மாட்டாள்.